பச்சை நூல் கட்டிய மெஷின்

ஜூன் 3, திங்கள்

காலையில் கண் ஆஸ்பத்திரி. ஆபரேஷன் செய்த கண்ணைக் கடைசியாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். சுவரில் மாட்டியிருந்த அட்டையில் எறும்பு மாதிரி கிடந்த அடி வரிசையைக்கூடப் படித்துக் காட்டினேன்.

"ஐயா, இனி உங்களுக்குக் கழுகுக் கண்ணு" என்றது நர்ஸ்.

"அப்ப உன்ற மூக்குத்தி பித்தளைன்னு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே அம்மிணி?" என்றேன். பக்கத்துப் பெஞ்சில் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த கிழவர்கள் எல்லாம் சிரித்தார்கள். பார்க்க முடியாதவனுக்குத்தான் சிரிப்பு அதிகம்.

இந்த டைரி போன வருஷத்தது. கிழமையை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான், பிழை இருக்கும். பேச வேண்டியதை வெளியில் பேசினால் காரியம் கெட்டுவிடும். அதனால்தான் எழுத்து.

விஷயம் என் மகள் சாந்தாமணி. பொள்ளாச்சி ஆனைமலை தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தாள். நான் பார்த்த அதே வேலை. பங்குனியில் ஒரு நாள் அம்பராம்பாளையத்தில் செக்கர் ஏறியபோது காசு கொடுத்தவர்களில் பாதிப் பேர் கையில் சீட்டு இல்லை. சீட்டு அடிக்கிற மெஷின் நகரவே மாட்டேன் என்கிறது, ஒரு சீட்டு வருவதற்குள் ஒரு ஸ்டாப் போய்விடுகிறது என்று சொல்லிப் பார்த்தாள். பஸ் முதலாளி சென்னியப்பன், மெஷின் செய்த கம்பெனியின் மேனேஜரைக் கோயமுத்தூரிலிருந்து வரவழைத்தார். மோகன்ராம் என்று பெயர். அவன் மெஷினை நிறுத்தி மறுபடி போட்டான். டக் டக்கென்று சீட்டு வந்தது.

"மெஷின் பொய் சொல்லாதுங்க. ஆளுங்கதான் சொல்லுவாங்க" என்றான்.

பஸ் ஸ்டாண்டில், அத்தனை பேர் நடுவில், முதலாளி அவள் தோளில் இருந்த பையை உருவிக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தப் பஸ்காரனும் அவளைச் சேர்க்கவில்லை. இப்போது தேங்காய் நார் மில்லுக்குப் போகிறாள்.

ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போய், கெடுத்தவனுக்கு எரியட்டும் என்று மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசிவிட்டு வந்திருக்கிறாள். அம்மன் பார்த்துக்கொள்ளும் என்கிறாள். அம்மனுக்கு முன்னால் எத்தனை பேர் மிளகாய் வரிசையில் நிற்கிறார்களோ. நம் முறை வருவதற்குள் மோகன்ராமுக்குப் பென்ஷனே வந்துவிடும்.

அதனால் நானே கிளம்பிவிட்டேன். அந்தக் கம்பெனியில் மெஷினை அழுத்திப் பார்க்கப் பழைய கண்டக்டர் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மோகன்ராம்தான் பேசி எடுத்தான். மகள் இருக்கிறாளா என்று அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 5, புதன்

முதல் நாள். ஏசியில் பல் கிட்டிக்கொண்டது.

எனக்கு மேஜை கொடுத்தது நர்மதா. தாராபுரம் பக்கம், நாற்பது வயது இருக்கும். மெஷினுக்கு உள்ளே ஓடுகிற புரோகிராம் எல்லாம் அவள் கையில். மூடியைக் கழற்றி, வயரை மாட்டி, ஐசியூவில் கிடக்கிற ஆள் மாதிரி ஒரு மெஷினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன அம்மிணி, பொழைக்குமா?"

"அதுக்குத்தான் ஐயா உங்களக் கூப்பிட்டது. ஆறு மாசமா நெறைய பஸ்ஸுல இருந்து மெஷின் மெதுவா ஓடுதுன்னு கம்ப்ளைன்ட். இங்க கொண்டாந்தா நல்லா ஓடுது. டிரைவர்ல தப்பு இருக்குமோன்னு எனக்குச் சந்தேகம்."

"எந்த டிப்போ டிரைவர்?"

சிரித்தாள். மெஷினுக்குள்ளும் ஒரு டிரைவர் உண்டாம். சீட்டு அடிக்கும்போது மெஷினின் மூளையை வேகமாக ஓட்டும். சும்மா இருக்கும்போது பேட்டரி தீராமல் இருக்க மெதுவாக ஓட்டும். அந்த வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற புரோகிராமுக்குத்தான் அந்தப் பெயர்.

நான் சிரிக்கவில்லை. நிறைய பஸ்ஸிலிருந்து கம்ப்ளைன்ட். அப்படியென்றால் பங்குனியிலேயே இவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவன் என் மகளைப் பார்த்து அப்படிச் சொல்லியிருக்கிறான்.



ஜூன் 8, சனி

நாள் முழுக்க அழுத்தினேன். சீட்டு சீட்டாக வேகமாக வந்து விழுந்தது. சனியன்.

ஜூன் 12, புதன்

சாந்தாமணி இருமிக்கொண்டே இருக்கிறாள். நார்த் தூசி. "தொண்டைக்குப் பனங்கற்கண்டு வாங்கட்டுமா?" என்றால், "வேண்டாம்ப்பா, பழகிரும்" என்கிறாள். அந்தத் தொண்டையால் ஒரு அதட்டல் போட்டால் ஆனைமலைச் சந்தைக் கூட்டமே உள்ளே நகரும்.

மத்தியானம் மோகன்ராம் எங்கள் அறைக்கு வந்தான். தூசி படக்கூடாது என்று ஷூவைக் கழற்றி வாசலில் விடவேண்டும். அவன் உள்ளே இருந்தபோது இரண்டு ஷூவின் கயிற்றையும் ஒன்றோடொன்று சேர்த்து முடிச்சுப் போட்டேன். கண்டக்டர் முடிச்சு, லேசில் அவிழாது. குனிந்து அவிழ்த்து அவிழ்த்து அவன் கழுத்து சிவந்தது.

"யாரு பண்ணினது?"

"காத்தா இருக்குங்க சார்" என்றேன்.

இது பழி இல்லை. பழிக்கு முன்னால் தொட்டுக்கொள்கிற ஊறுகாய்.

ஜூன் 17, திங்கள்

இன்றைக்கு நடந்ததை முழுதாக எழுத வேண்டும்.

மேஜையில் வைத்து அழுத்தினால் எதுவும் தெரியாது, ஓடுகிற பஸ்ஸில் பார்க்கலாம் என்று நர்மதா கிளப்பினாள். சிங்காநல்லூரில் காந்திபுரம் டவுன் பஸ் ஏறினோம். நசுங்குகிற கூட்டம். அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு, ஏறுகிறவனுக்கெல்லாம் சும்மா சீட்டு அடித்து அவளிடம் நீட்டினேன்.

அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் கத்தினார். "யோவ் பெருசு, என்ற சோலிய நீ பாத்தா நான் எறங்கிப் போயரட்டுமா?"

"போங் தம்பி, ஹோப்ஸ் ஸ்டாப்புல டீ நல்லா இருக்கும். சாப்ட்டுட்டு அடுத்த பஸ்ஸுல வாங்."

நாலைந்து சீட்டு வேகமாக வந்தது. அடுத்தது வரவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு, அவிநாசி ரோட்டில் அடுத்த சிக்னல் வரைக்கும் காத்திருந்தேன். பிரசவ வலி மாதிரி முக்கி முக்கி ஒரு துண்டு வெளியே வந்தது. சாந்தாமணி சொன்னது இதேதான்.

நர்மதா எழுந்து நின்றுவிட்டாள். "ஐயா, அசையாதீங்க. இப்ப கையில என்ன பண்ணுனீங்க?"

"ஒண்ணும் பண்ணலியே."

"பண்ணுனீங்க. மறுபடி பண்ணுங்க."

நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. பார்த்தவள் அவள். கூட்டத்தில் கண்டக்டருக்கு ஒரு கை கம்பிக்கு, ஒரு கை சில்லறைக்கு. மெஷினுக்கு இருக்கிற ஒரே இடம் கக்கம். அப்படியே வைத்தால் பொத்தான் அமுங்கித் தப்புச் சீட்டு வந்துவிடும். அதனால் ஓரத்துச் சுவிட்சைத் தட்டி அணைத்துவிட்டுத்தான் கக்கத்தில் செருகுவோம். சீட்டு முழுசாக வெளியே வரும் வரைக்கும் எவன் நிற்பான்? அது வந்துகொண்டிருக்கும்போதே அணைத்து, கிழித்து, செருகி, அடுத்த ஆளிடம் போய்விடுவோம். எல்லாக் கண்டக்டரும் அப்படித்தான். சாந்தாமணியும் என்னைப் பார்த்துத்தான் பழகினாள்.

"சீட்டு பாதி வரும்போதே அணைச்சுட்டீங்க" என்றாள் நர்மதா. அவள் கண்ணில் ஒரு வெளிச்சம். ஆபீசில் யாரும் மெஷினைக் கக்கத்தில் வைப்பதில்லை.

ஜூன் 18, செவ்வாய்

நர்மதா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள்.

"சீட்டு அடிக்கறப்ப மூளை டாப் கியர்ல இருக்கு. டிரைவர் 'டாப்ல இருக்கேன்'னு ஞாபகம் வெச்சுக்குது. நீங்க பாதியில அணைச்சதும் மெஷின் மொத்தமா நிக்கறதில்ல, மூளை தூங்க மட்டுந்தான் போகுது. முழிக்கறப்ப ஃபர்ஸ்ட் கியர்லதான் முழிக்கும். ஆனா டிரைவருக்கு அது தெரியாது. அடுத்த சீட்டுக்கு வேகம் கேட்டா, 'நாந்தான் டாப்லயே இருக்கேனே'ன்னு கையக் கட்டிட்டு உக்காந்துக்குது."

"அப்ப அன்னிக்கு முழுக்க ஃபர்ஸ்ட் கியர்தானா?"

"யாராவது மொத்தமா நிறுத்தி மறுபடி போடற வரைக்கும். நிறுத்திப் போட்டா ஞாபகம் அழிஞ்சுரும். நல்லா ஓடும்."

மோகன்ராம் அன்றைக்குச் செய்தது அதைத்தான். நிறுத்திப் போட்டான், தப்பை அழித்தான், பழியை என் மகள் தலையில் வைத்தான்.

"இத மேனேஜர்கிட்டச் சொல்லிட்டியா அம்மிணி?"

"மொதல்ல சரி பண்ணிட்டுச் சொல்றேன் ஐயா."

ஜூன் 20, வியாழன்

முதல் வைத்தியம் பலிக்கவில்லை. எப்போதும் டாப் கியரிலேயே ஓடட்டும் என்று மாற்றிப் பார்த்தாள். மெஷின் கொதித்தது. மத்தியானச் சோற்றுக்கு முன்னால் பேட்டரி காலி.

"விடு அம்மிணி, பின்னாடி ஒரு தோசைக்கல்லு வெச்சு வித்துடலாம். சீட்டும் ஆச்சு, டிபனும் ஆச்சு."

வயரைச் சுருட்டி என்மேல் எறிந்தாள்.

ஜூன் 24, திங்கள்

சரியாகிவிட்டது. தூங்கி எழுந்ததும் டிரைவர் தன் ஞாபகத்தை நம்பக்கூடாது, மூளையிடமே 'இப்போது என்ன வேகம்?' என்று கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அவ்வளவுதானாம். நாலே வரி எழுதியிருக்கிறாள். நான் வேண்டும் என்றே பாதிச் சீட்டில் அணைத்து, கக்கத்தில் வைத்து, எடுத்து, மறுபடி அணைத்து, என்னென்னவோ செய்து பார்த்தேன். அசையவில்லை. டக் டக்.

சரி செய்ததும் செய்யாததும் பார்க்க ஒரே மாதிரி இருக்கிறது. குழம்பக்கூடாது என்று சரி செய்த மெஷினின் வாரில் பச்சை நூல் கட்டினாள்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தேன். நர்மதா சட்னிக்குக் கையை நீட்டியவள் அப்படியே நிறுத்திவிட்டாள். மூடியில் 'ஆ. சாந்தாமணி' என்று பாத்திரக்கடையில் வெட்டிக் கொடுத்த பெயர். பத்தாவது பாஸானதற்கு நான் வாங்கிக் கொடுத்த பாக்ஸ். காலையில் அவசரத்தில் மாற்றி எடுத்து வந்திருக்கிறேன்.

அவள் பெயரை ஒரு தடவை படித்தாள். சட்னி தொட்டுக்கொண்டாள். அப்புறம் மெதுவாக, "ஆனைமலை பஸ் கம்ப்ளைன்ட்லயும் இந்தப் பேர் இருந்துச்சு ஐயா" என்றாள்.

"ஊருல சாந்தாமணிக்கா பஞ்சம்?" என்றேன்.

சட்னியில் உப்புக் கூடுதல். அல்லது எனக்குத்தான் அப்படி இருந்தது.

ஜூன் 26, புதன்

நர்மதா மோகன்ராமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நான் மூலையில் பொத்தான் அழுத்திக்கொண்டிருந்தேன். கிழவனுக்குக் காது கேட்காது என்று நினைத்திருப்பான்.

"வெரி குட். அடுத்த அப்டேட்ல எல்லா மெஷினுக்கும் சேத்து ஏத்திடு. தப்பு இருந்துச்சுன்னு எங்கயும் வரக்கூடாது. வேகம் கூட்டியிருக்கோம்னு போடு."

"சார், ஆனைமலை பஸ்ல ஒரு பொண்ணுக்கு வேலையே போயிருக்கு. அவங்க முதலாளிகிட்டயாவது சொல்லணும்."

"சென்னியப்பன் இப்பத்தான் மத்த பஸ்ஸுக்கும் நம்ம மெஷின் கேட்டிருக்காரு. இப்பப் போய் எங்க மேல தப்புன்னு நானே சொல்லணுமா? கண்டக்டர் வேற வேலை பாத்துக்கும். அதெல்லாம் பழகிரும்."

பழகிரும். என் மகள் இருமிக்கொண்டே சொன்ன அதே வார்த்தை. இவன் வாயில் கேட்டதும் பொத்தானை இன்னும் ஓங்கி அழுத்தினேன்.

ஆக, அப்டேட் ஏறிவிட்டால் தப்பு இருந்ததற்கு அடையாளமே இருக்காது. எல்லா மெஷினும் நல்ல மெஷின் ஆகிவிடும். சாந்தாமணி மட்டும் திருடி.

அதற்கு முன்னால் செய்தாக வேண்டும்.

ஜூன் 29, சனி

பஸ் முதலாளி சென்னியப்பன் புது மெஷின் பார்க்க ஆபீசுக்கு வந்தார். நான் வேறு பஸ் கம்பெனியில் ஓடியவன், என்னை அவருக்குத் தெரியாது. மோகன்ராம் அவருக்குப் பச்சை நூல் மெஷினைக் காட்டி அளந்துவிட்டான். வேகம், பேட்டரி, அது, இது.

காபி வந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"மெஷின் கெடக்குதுங். எங்க சார் கை வேகத்தப் பாக்கோணும் நீங்க. கண்டக்டர் ஒருத்தன் பக்கத்துல நிக்க முடியாது."

மோகன்ராமுக்குக் காது வரைக்கும் சிரிப்பு. "அதெல்லாம் ஒண்ணுமில்ல..."

"பின்ன என்னங்? அமாவாசைக்கு ஆனைமலைக்கு ஏறற கூட்டத்துக்கே சார் ஒத்தைக் கையில சீட்டுப் போட்டுருவாருங். எங்க கண்டக்டருங்க மெஷின் மெதுவு, அது இதுன்னு சாக்குச் சொல்றவனுங்க. சார் வந்தா அவனுங்க வாய் அடைஞ்சிரும்."

சென்னியப்பன் மீசையைத் தடவினார். "நம்ம பஸ்தானே. வெள்ளிக்கிழம அமாவாசை. ஒரு டிரிப் போட்டுக் காட்டுங்களே. நானும் வர்றேன். பாத்துட்டு மத்த பஸ்ஸுக்கும் சொல்லிர்றேன்."

இனி எப்படி முடியாது என்பான்? நர்மதா கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

ஜூலை 4, வியாழன்

மோகன்ராமுக்குக் கண்டக்டர் பாடம் சொல்லிக் கொடுத்தேன். மெஷினைக் கக்கத்தில் வைப்பது எப்படி, வைக்கும் முன் அணைப்பது எப்படி.

"சீட்டு வந்துட்டிருக்கறப்பவே அணைச்சரோணும் சார். வர்ற வரைக்கும் நின்னீங்கன்னா கூட்டம் உங்கள மிதிச்சுரும்."

"தெரியும் தெரியும். அதான் இப்ப சரி பண்ணியாச்சே" என்றான். பச்சை நூல் மெஷினைப் பையில் போடச் சொன்னான்.

போட்டேன். இரண்டு மெஷினும் மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. இரண்டும் கறுப்பு. எனக்கு வயது எழுபத்தொன்று, கண் ஆபரேஷன் செய்த ஆள். நூல் எந்த வாரில் இருந்தது என்று இந்த வயதில் யார் கவனிக்கிறார்கள்?

நர்மதா கவனித்தாள் என்று நினைக்கிறேன். மேஜையில் மிச்சம் இருந்த மெஷினைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அதை எடுத்துத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, "நானும் வர்றேன் ஐயா" என்றாள்.

ஜூலை 5, வெள்ளி. அமாவாசை

பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்ட். மாசாணியம்மனுக்குப் போகிற கூட்டம். பாதிக்குப் பாதி பெண்கள். கையில் பூ, எலுமிச்சம்பழம், மிளகாய்ப் பொட்டலம். எல்லாருக்கும் எவன் மேலோ எரிச்சல். இதைவிட நல்ல கூட்டம் கிடைக்காது.

சென்னியப்பன் முன் சீட்டில். நர்மதா அவருக்குப் பின்னால். மோகன்ராம் தோளில் பையோடு, சென்ட் அடித்துக்கொண்டு, மெஷினின் வாரைப் பார்க்காமலே ஏறினான். நான் படியில்.

முதல் நாலைந்து பேருக்கு டக் டக். சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். பாடம் மறக்காமல் பாதியில் அணைத்தான், கக்கத்தில் செருகினான், எடுத்தான், அழுத்தினான்.

வரவில்லை.

இன்னொரு தடவை அழுத்தினான். தட்டினான். ஊதினான். ஒரு சீட்டு முக்கிக்கொண்டு வருவதற்குள் அடுத்த ஸ்டாப்பில் இன்னும் பத்து இருபது பேர் ஏறினார்கள். வியர்வையில் சென்ட் கரைந்து வேறு வாசம் வந்தது. நிறுத்திப் போட வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் ஒரு கை கம்பியில், ஒரு கையில் சில்லறை, கக்கத்தில் மெஷின், நாலு பக்கமும் முழங்கை.

"ஏனுங், சீட்டுக் குடுப்பீங்ளா, இல்ல கும்பாபிஷேகம் பண்ணோணுமா?"

"மூஞ்சியப் பாரு, காசு வாங்கியும் சீட்டுத் தரமாட்டேங்கறான். பாக்கெட்ல போட்டுக்குவான் போல!"

"இவனுக்கும் சேத்தி ஒரு பிடி மொளகா அரைச்சுர்றேன். பேர் என்ன சாமி உன்ற பேரு?"

எனக்குக் காதில் தேன் பாய்ந்தது.

அம்பராம்பாளையத்தில் செக்கர் ஏறினார். பங்குனியில் ஏறிய அதே செக்கர். அமாவாசையென்றால் அந்த ஸ்டாப்பில்தான் நிற்பார், எனக்குத் தெரியும். கண்டக்டர் யார் என்று அவருக்குத் தெரியாது. கைகளைப் பார்த்தார். பாதிப் பேர் கையில் சீட்டு இல்லை.

"என்னய்யா இது? காச வாங்கிட்டு ஏன் சீட்டுக் குடுக்கல?"

"மெஷின்... மெஷின் மெதுவா ஓடுதுங்க! நகரவே மாட்டேங்குது! நான் என்ன பண்ணட்டும்?" மோகன்ராம் கத்தியே விட்டான்.

நான் படியில் இருந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"மெஷின் பொய் சொல்லாதுங்களே சார். ஆளுங்கதான் சொல்லுவாங்க."

என்னைத் திரும்பிப் பார்த்தான். எங்கே சொன்னோம், யாரிடம் சொன்னோம் என்று அவன் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றது. "நீ... நீங்க யாரு?" என்றான்.

"சாந்தாமணியப் பெத்தவன்."

அப்போது நர்மதா எழுந்தாள். கைப்பையில் இருந்து பச்சை நூல் மெஷினை எடுத்தாள். சென்னியப்பன் முன்னாலேயே பாதிச் சீட்டில் அணைத்து, கக்கத்தில் வைத்து, எடுத்து அடித்தாள். டக் டக்.

"இது சரி பண்ணினது சார். அவரு கையில இருக்கறது பழசு. உங்க பஸ்ல எல்லாம் ஓடறது அந்தப் பழசுதான். அந்தப் பொண்ணு கையில இருந்ததும் அதுதான். தப்பு எங்களோடது. நாங்க சொல்லியிருக்கணும்."

ஆனைமலை வரைக்கும் மீதிச் சீட்டெல்லாம் நர்மதாதான் போட்டாள். முதல் நாள் கண்டக்டருக்குக் கை மோசமில்லை.

ஜூலை 8, திங்கள்

சென்னியப்பன் ஆள் அனுப்பினார், சாந்தாமணி நாளைக்கே வண்டி ஏறலாம் என்று.

"எங்க பையப் புடுங்குனாரோ அங்கயே வந்து அவர் கையால தோள்ல மாட்டச் சொல்லுங்க" என்றாள் அவள். ஆள் போய்விட்டான். பதில் இன்னும் வரவில்லை. என் மகள்தான், சந்தேகமில்லை.

நர்மதாவை மோகன்ராம் வேலையை விட்டு அனுப்பவில்லை. அனுப்ப முடியாது. எல்லா மெஷினிலும் அந்த நாலு வரியை அவள்தான் ஏற்ற வேண்டும். என்னை அனுப்பிவிட்டான். போகும்போது அவன் ஷூவை எடுத்து நேராக வைத்துவிட்டு வந்தேன். அதைப் பார்த்துத்தான் அவன் ரொம்பப் பயந்தான்.

பொழுதோடு சாந்தாமணி கேட்டாள். "அப்பா, பழைய மெஷின் எப்பிடிப்பா அந்தாள் கைக்குப் போச்சு?"

"கண்ணு சரியாத் தெரியல சாமி. மாறிப் போச்சு."

அவள் எழுந்து போய் காலண்டர் தாளைக் கிழித்து வந்து என் முகத்துக்கு நேரே பிடித்தாள். அடியில் பொடி எழுத்தில் ராகு காலம், எமகண்டம்.

"படி."

படித்தேன். ஒரு எழுத்து விடாமல் வாசித்துவிட்டேன். வாய் முந்திக்கொண்டது. அவள் சிரித்தாள். பங்குனிக்கு அப்புறம் இப்போதுதான். நடுவில் இருமல் வந்தது. இருமிவிட்டு மறுபடி சிரித்தாள்.

ஜூலை 10, புதன்

சென்னியப்பனிடம் இருந்து இன்னும் பதில் இல்லை.

வேண்டுதல் பலித்துவிட்டால் அம்மனுக்கு எண்ணெய்க்காப்புச் சாத்திக் குளிர வைக்க வேண்டும். மிளகாய் பூசிய எரிச்சல் அடங்குவதற்கு. சாந்தாமணி எண்ணெய் வாங்கி வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை போகலாம் என்றாள்.

எண்ணெய்ப் பாட்டிலை எடுத்துப் பரண் மேலே வைத்துவிட்டேன். அவளுக்கு எட்டாது.

பையை எங்கே பிடுங்கினாரோ அங்கே வந்து அவர் மாட்டட்டும். அதுவரைக்கும் எரியட்டும்.